கருத்துரைக்கும் உரிமையும் மறுக்கப்பட்டது: ஆஸ்திரேலியப் பொதுவாக்கெடுப்பு

அபாரிஜினல் மக்களையும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களையும் நாட்டின் முதல் மக்களாக அங்கீகரித்து, அவர்களுக்கெனக் ‘குரல்’ என்னும் அமைப்பை அரசமைப்புச் சட்டத்தில் நிறுவலாமா என்ற கேள்வி 2023 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரேலிய வாக்காளர்முன் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். ஆறு மாநிலங்களிலும் அதுவே முடிவு.

கோரப்பட்டது மிகச் சிறியது. முன்மொழியப்பட்ட 129ஆம் பிரிவின்படி, அவ்வமைப்பு தம் மக்களைப் பற்றிய பொருள்களில் நாடாளுமன்றத்திடமும் அரசிடமும் கருத்துரைக்கலாம். தடுப்பதிகாரம் இல்லை, தனித்தொகுதியும் இல்லை. அதன் உறுப்பமைவையும் பணிகளையும் நாடாளுமன்றமே வரையறுக்கும். பின் அரசமைப்பில் ஏன் இடம் கேட்டார்கள்? 1990இல் சாதாரணச் சட்டத்தால் உருவான பூர்வகுடி ஆணையம் 2005இல் இன்னொரு சாதாரணச் சட்டத்தால் கலைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டின் உலுரு அறிக்கை அரசமைப்புப் பாதுகாப்பைக் கோரியதற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

எதிர்ப்பாளர்களின் தலையாய வாதம் சமத்துவம்: இனத்தின் பெயரால் குடிமக்களைப் பிரிக்கக் கூடாதாம். இடஒதுக்கீட்டு வழக்குகளில் நாம் கேட்டுச் சலித்த குரல்தான் இது. ஆஸ்திரேலிய அரசமைப்பில் இனம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அவ்வாதம் மறைக்கிறது. குறிப்பிட்ட இனத்தாருக்கெனத் தனிச் சட்டம் இயற்ற 51ஆம் பிரிவின் 26ஆம் உட்பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1967இல் 90 விழுக்காட்டுக்கும் மேலான ஆதரவுடன் அவ்வதிகாரம் அபாரிஜினல் மக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதை அம்மக்களுக்குப் பாதகமாகவும் பயன்படுத்தலாமா என்பதற்கு 1998ஆம் ஆண்டின் கார்டினியேரி வழக்கில் உயர் நீதிமன்றம் (அங்கு அதுவே உச்ச மன்றம்) அறுதியான விடை தரவில்லை. ஓர் இனத்தார் முழுவதற்கும் மாநிலம் வாக்குரிமை மறுக்கக்கூடும் எனக் கருதி எழுதப்பட்ட 25ஆம் பிரிவு இன்றும் நீக்கப்படவில்லை. இனத்தைக் குறித்துச் சட்டம் செய்யலாம். அச்சட்டத்தைப் பற்றி அவ்வினத்தார் பேசுவதற்கு ஓர் அவை மட்டும் கூடாது என்பதே இந்தச் சமத்துவத்தின் பொருள்.

பூர்வகுடிகளுள்ளும் எதிர்ப்பு இருந்தது. அதை ஒரே தட்டில் வைக்கலாகாது. மேலவை உறுப்பினர் லிடியா தோர்ப், இறையாண்மையும் உடன்படிக்கையுமே முதலில் வேண்டும், அதிகாரமற்ற ஆலோசனை அவை போதாது என்றார். ஜசிந்தா நம்பிஜின்பா பிரைஸ் அதைப் பிரிவினை என்றார். எனினும் டிவி தீவுகள், வடேய் போன்ற தொலைதூரக் குடியிருப்புகளின் வாக்குச்சாவடிகளில் பெரும்பான்மையினர் ஆதரித்தே வாக்களித்தனர்.

அவ்வாக்குகளின் எடை என்ன? 128ஆம் பிரிவின்படி திருத்தம் நிறைவேற, நாடு முழுவதிலும் பெரும்பான்மை வேண்டும். ஆறில் நான்கு மாநிலங்களிலும் வேண்டும். பூர்வகுடிகளோ மக்கள்தொகையில் 3.8 விழுக்காட்டினர். இந்தியாவில் பட்டியல் சாதியினரைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளில் தேசிய ஆணையத்தை அரசுகள் கலந்தாலோசிக்க வேண்டும் என 338ஆம் பிரிவின் ஒன்பதாம் உட்பிரிவு கட்டளையிடுகிறது. நடைமுறையில் அது எவ்வளவு பேணப்படுகிறது என்பது வேறு கதை. ஆனால் அதை எழுதிச் சேர்க்க நாட்டின் பெரும்பான்மைச் சாதிகளிடம் வாக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தெற்கு ஆஸ்திரேலியா 2023இலேயே மாநில அளவில் இத்தகைய அவையை உருவாக்கி, 2024 மார்ச்சில் தேர்தலும் நடத்தியது. அதுவும் சாதாரணச் சட்டம்தான்.