இறுக்குவதும் பூட்டுவதும்: விமானக் கருவி இணைப்புகளின் கதை

வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கும். புரொஜெக்டர் திடீரென்று நீலமாகிவிடும். ஒரு மாணவன் ஓடிப்போய் பின்னாலுள்ள பிளக்கை அசைத்தால் படம் திரும்பிவரும். "லூஸ் கனெக்‌ஷன்தான், சார்!" பத்து நிமிடத்தில் மறுபடியும் நீலம். அந்தப் பழைய பிளக்கின் இரு பக்கமும் சின்னத் திருகாணிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்மில் பலர் அவற்றைத் திருகுவதே இல்லை. அவை எதற்காக என்று கேட்டால், கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

1903 நவம்பரில், கிட்டி ஹாக் முகாமில், ரைட் சகோதரர்களுக்குப் பெரிய தலைவலி. இயந்திரம் வெட்டி வெட்டி ஓடியதில், விசிறித் தண்டில் இருந்த பல்சக்கரங்கள் கழன்றுகொண்டே இருந்தன. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. கடைசியில் சைக்கிள் டயர் ஒட்டும் பசையை மரைக்குள் ஊற்றிக் காயவைத்தார்கள். பிடித்துக்கொண்டது! டிசம்பர் 17 அன்று பறந்தார்கள்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். இறுக்குவது வேறு, பூட்டுவது வேறு. இன்றைய சிறு விமானத்தின் இயந்திரம் நிமிடத்துக்கு 2,400 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 1,44,000 சுற்று. அந்த அதிர்வு முழுவதும் கருவிப் பலகைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு நட்டுக்கும் பிளக்குக்கும் போய்ச் சேர்கிறது. கையால் இறுக்கியது மட்டும் இதைத் தாங்காது.

அதனால் வந்ததுதான் பூட்டுக்கம்பி. திருகாணியின் தலையில் துளையிட்டு, மெல்லிய எஃகுக் கம்பியை நுழைத்து, முறுக்கிப் பக்கத்துத் திருகாணியோடு கட்டிவிடுவார்கள். ஒன்று கழலப் பார்த்தால், அந்த இழுப்பே மற்றொன்றை இறுக்கும். எளிமையான யோசனை, ஆனால் கம்பியைத் தப்பான பக்கம் சுற்றிவிட்டால் அத்தனையும் வீண். ஒருமுறை கழற்றிய கம்பியை மறுபடி பயன்படுத்தவும் கூடாது. வட்டமான மின்பிளக்குகளின் வளையத்திலும் இதற்கென்றே துளைகள் வைத்தார்கள்.

1952இல் அமெரிக்காவின் கேனன் நிறுவனம், ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஒரு பிளக்கைக் கொண்டுவந்தது. வடிவத்தாலேயே அதைத் தலைகீழாகச் செருக முடியாது. இரு பக்கத் திருகாணியை முடுக்கினால் நகராது. சிறு விமானங்களின் வானொலி, வழிகாட்டிக் கருவிகளின் பின்புறத்தில் இன்றும் இவ்வகை பிளக்குகளைக் காணலாம். நம் புரொஜெக்டர் பிளக்கும் இதே குடும்பம்தான்.

அறுந்த கம்பியைவிட, வந்து வந்து போகும் இணைப்பு ஏன் ஆபத்து? அறுந்தால் தெரிந்துவிடும். இதுவோ, தரையில் சோதிக்கும்போது சரியாக இருக்கும், பறக்கும்போது போய்விடும்.

2014 டிசம்பர் 28, சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் வந்த ஏர் ஏசியா விமானம் நமக்கு மறக்காது. அது பெரிய விமானம்தான், பழுதும் பிளக்கில் அல்ல. சுக்கானைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையில் ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தது. ஆனால் குணம் அதே குணம். அதே பழுது முந்தைய 12 மாதங்களில் 23 முறை தலைகாட்டியிருந்தது என்று இந்தோனேசிய விசாரணை அறிக்கை சொல்கிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ செய்து சரியாக்கினார்கள், பலகை மட்டும் மாறவில்லை. அன்று நான்காவது எச்சரிக்கைக்குப் பிறகு, மின்சுற்றுத் துண்டிப்பானை இழுத்து மீண்டும் போட்டதற்கான தடயம் பதிவுக்கருவியில் இருந்தது. தானியங்கி ஓட்டி அணைந்தது. அதன்பின் விமானிகளால் விமானத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடியவில்லை. 162 பேரும் இறந்தார்கள்.

மாணவர்களே, கட்டுரைப் பயிற்சிக்கு ஒரு கேள்வி: இந்த விபத்துக்குக் காரணம் விரிசலா, 23 முறையும் அதைக் கடந்துபோனதா? ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு பத்திகளில் எழுதுங்கள். 'இறுக்கு', 'முடுக்கு', 'பூட்டு' மூன்றையும் பொருள் மாறாமல் பயன்படுத்த வேண்டும்.