கப்பல், கிட்டங்கி, பெட்டி: சிங்கப்பூர்த் துறைமுகத்தின் மூன்று சொற்கள்



ஒரு நகரத்தின் வரலாற்றைக் கட்டடங்களைக் கொண்டு எழுதலாம். ஆவணங்களைக் கொண்டும் எழுதலாம். துறைமுக நகரத்தில் கட்டடங்களை மட்டும் நம்புவதற்கில்லை. துறைமுகம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. சிங்கப்பூர்த் துறைமுகம் இருநூறு ஆண்டுகளில் ஆற்றங்கரையிலிருந்து தஞ்சோங் பகாருக்கும், பின்னர்ப் பாசிர் பாஞ்சாங்குக்கும் விரிந்து, இப்போது தீவின் மேற்குக் கோடியான துவாசுக்குப் பெயர்ந்துகொண்டிருக்கிறது. ஆவணங்களோ முதலாளிகளின் பெயர்களைச் சொல்லும் அளவுக்கு உழைத்தவர்களின் பெயர்களைச் சொல்வதில்லை. அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் எஞ்சியிருப்பவை சொற்களே. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதற்சொல் கப்பல். சங்கப் பாடல்களில் கலம், நாவாய், வங்கம் என்பனவே பரவலாக வழங்குகின்றன. கப்பல் பிற்காலத்தில் பெருவழக்குப் பெற்ற சொல். அச்சொல்லே மலாய் மொழியில் 'காப்பால்' ஆயிற்று. கடைக்குரிய 'கெடாய்', முதலுக்குரிய 'மோடால்' ஆகியவையும் இவ்வாறு சென்றவையே. வணிகத்தின் அடிப்படைச் சொற்களை ஒரு மொழி மற்றொன்றிடமிருந்து பெறுவது ஓரிரு நாள் பழக்கத்தால் நிகழ்வதன்று. 1819 பிப்ரவரி 6ஆம் நாள் ராஃபிள்ஸ் உடன்படிக்கையில் கையெழுத்திடுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே இக்கடலில் தமிழ் வழங்கியதற்கு இச்சொற்கள் சான்று.

சுங்கவரி இல்லாத் துறைமுகமாகத் தொடங்கிய சிங்கப்பூரில் பெருங்கப்பல்கள் ஆற்றுக்குள் வர இயலவில்லை. அவை கடலில் நங்கூரமிட்டு நின்றன. சிறு தோணிகளே சரக்கை ஏற்றிக் கரைக்கும் கப்பலுக்கும் இடையே சென்றுவந்தன. தொடக்கக் காலத்தில் அத்தோணிகளைச் செலுத்தியவர்களுள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் குறிப்பிடத்தக்கவர்கள். சூலியா தெரு அவர்கள் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர்கள் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசல் 1826இலும், அதே சாலையில் மாரியம்மன் கோயில் 1827இலும் தோன்றின. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா கட்டப்பட்டபோது அதன் எதிரே கடல் இருந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கிய பின் இன்று அங்கே நிற்பவர்க்கு அலையோசை கேட்பதில்லை.

இரண்டாம் சொல் கிட்டங்கி. சரக்கு வைக்கும் இடத்தைத் தமிழில் கிடங்கு என்கிறோம். மலாய் மொழியின் 'கூடாங்', ஆங்கிலத்தின் 'கொடவுன்' ஆகியவற்றுக்குத் தமிழ், தெலுங்குச் சொற்களே மூலம் என்பர் மொழியியலார் பலர். சிங்கப்பூரில் இச்சொல் வேறொரு பொருளையும் பெற்றது. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய நீண்ட கூடங்களும் கிட்டங்கி எனப்பட்டன. ஒரே கூடத்தில் பல கடைகள். கடைக்கு ஒரு கைப்பெட்டி. அதன் முன்னே தரையில் அமர்ந்து கணக்கெழுதும் முகவர். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். சரக்கு வைக்கும் இடத்தைக் குறித்த சொல், பணம் புழங்கும் இடத்தைக் குறிக்கலாயிற்று. ஆற்றங்கரைச் சரக்கும் அதற்கு முதலீடாகிய பணமும் ஒன்றையொன்று சார்ந்திருந்ததை இப்பொருள் மாற்றம் காட்டுகிறது.

1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறைக் குழுமம் நிறுவப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் பெருகியதும் ஆழமான புதுத்துறையின் தேவை உறுதியாயிற்று. நிர்வாகம் 1913இல் துறைமுக வாரியத்திடமும், 1964இல் துறைமுக ஆணையத்திடமும் சென்றது. தமிழரும் மலையாளிகளும் சீனரும் அங்கே தோளிலும் தலையிலும் சுமை தூக்கினர். அவர்களின் உறவினர் 'ரஜூலா'விலும் பின்னர் 'சிதம்பரம்' கப்பலிலும் தகரப்பெட்டியோடு வந்திறங்கினர்.

பெட்டி என்பதே மூன்றாம் சொல். 1972 ஜூன் 23ஆம் நாள் ராட்டர்டாமிலிருந்து 300 பெட்டிகளோடு 'நிகோன்' என்னும் கப்பல் தஞ்சோங் பகாரின் புதிய கொள்கலன் முனையத்தை அடைந்தது. நாட்கணக்கில் பலர் கூடிச் செய்த வேலையை மணிக்கணக்கில் பாரந்தூக்கிகள் முடிக்கத் தொடங்கின. ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி 1977இல் தொடங்கியது. 1983இல் தோணிகள் ஆற்றைவிட்டுச் சென்றன. 2024இல் இத்துறைமுகம் கையாண்ட சரக்கு, இருபதடிப் பெட்டிக் கணக்கில் 41 மில்லியனைக் கடந்தது. அதில் பெரும்பங்கு இந்நாட்டுக்குள் நுழையாமலே வேறு கப்பலேறிச் செல்வது.

மலாய்க்குச் சென்று 'பெத்தி' ஆன நம் பெட்டி, இந்தோனேசியாவில் 'பெத்தி கெமாஸ்' என்று கொள்கலனையே குறிக்கிறது. நாம் ஆக்கிக்கொண்ட 'கொள்கலன்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. கலன் என்பது கலம் என்பதன் மற்றொரு வடிவம். கலம் பாண்டத்தையும் குறிக்கும், மரக்கலத்தையும் குறிக்கும். கப்பலைக் குறித்த பழஞ்சொல், கப்பலில் ஏறும் பெட்டியின் பெயராகித் துறைமுகத்துக்குத் திரும்பியிருக்கிறது.

இங்கே என் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆய்வு மாணவனாக இருந்த நாளில் துறைமுகத் தொழிலாளர் சிலரின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்தேன். உயிரொலிகளின் நெடுமை குறுமையை அளப்பதே அன்று என் நோக்கம். ஒரு கொக்கிக்கு என்ன பெயர், சுமை சரியும்போது எப்படிக் குரல் கொடுத்து எச்சரிப்பர், இரவு முறையை என்னவென்று வழங்குவர் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் எல்லாரும் மறைந்துவிட்டனர். ஒலிகளை அளந்து பட்டம் பெற்றேன்; சொற்களைத் தவறவிட்டேன்.

நகரை ஒட்டிய முனையங்களின் பணி 2027க்குள் துவாசுக்கு மாறவேண்டும் என்பது திட்டம். ஆண்டுக்கு 65 மில்லியன் பெட்டிகளைக் கையாளும் திறனோடு 2040களில் நிறைவுறவிருக்கும் அத்துறையில் ஓட்டுநரில்லா வண்டிகள் ஓடுகின்றன. அவ்வளர்ச்சி தேவையானது, அதைக் குறைகூற நான் வரவில்லை. பழைய துறைகளில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளங்களில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே வந்திருக்கும் இளையோர் இந்த வாரமே தம் தாத்தாவிடமோ அண்டை வீட்டுப் பெரியவரிடமோ ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறேன்: "உங்கள் வேலையில் எதை எதை என்ன பெயர் சொல்லி அழைத்தீர்கள்?" கிடைக்கும் விடையைக் கேட்டவாறே எழுதி வையுங்கள், திருத்தி எழுத வேண்டா.