திருத்தணிக்கு விலையாகப் போன ஊர்கள்

பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். ஒரு மனையை நம்புவதற்கு முன்னால் அதன் தாய்ப்பத்திரத்தைக் கேட்பது எங்கள் தொழில் வழக்கம். எண்ணூர், கத்திவாக்கம், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று எந்த ஊர்ச் சொத்தாக இருந்தாலும், பத்திரம் போதுமான பழசாக இருந்தால் முதல் சில வரிகளுக்குள் ‘செங்கல்பட்டு ஜில்லா’ வந்துவிடும். கொசஸ்தலை ஆற்றுக்கு வடக்கே என்றால் அதோடு பொன்னேரி தாலுக்காவும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கு ஆந்திரத்தில் இருக்கிற தடாவுக்கும் சத்தியவேட்டுக்கும்கூட அதே ஜில்லாதான். 1960-க்கு முன்னால் எழுதியதாக இருக்க வேண்டும், அவ்வளவே.

வடக்கு எல்லைப் போராட்டம் என்றால் எல்லோருக்கும் திருத்தணி நினைவுக்கு வருகிறது. வரவேண்டியதுதான். ஆனால் திருத்தணி சும்மா கிடைக்கவில்லை. அதற்கு மாற்றாகப் போனவை எங்கள் பழைய ஜில்லாவின் வடகோடி ஊர்கள். திருத்தணி மேடைகளில் அந்த ஊர்ப் பெயர்களை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜில்லாவின் பிறப்பே ஒரு கடன்கதை. கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களுக்குப் பட்ட கடனுக்கும் அவர்கள் செய்த படை உதவிக்குமாக, ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-இல் சென்னையைச் சுற்றியிருந்த சீமையை அவர்களுக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். 1765-இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதை உறுதி செய்தார். வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே ஆலம்பரை, இரண்டுக்கும் இடையில் நீளமாகக் கிடந்த நிலம். எழுதி வாங்கிய கும்பினி என்ன செய்தது? அதே நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. கிரயம் முடிந்த கையோடு விற்றவரையே வாடகைக்கு வைக்கும் ஆட்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது முன்னோர் வழி போலிருக்கிறது.

1780-இல் ஹைதர் அலி படையோடு இறங்கினார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கும்பினிப் படை அழிந்தது. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, குடிகள் ஓடினர். அதற்குப் பிறகுதான் கும்பினி ஜாகீரைத் தன் நேர் நிர்வாகத்தில் எடுத்தது. அதற்கு முன்னாலேயே தாமஸ் பர்னார்டு என்கிற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அலைந்து சுமார் 2,000 ஊர்களை அளந்து, வீடு எத்தனை, ஏரி எத்தனை, எந்த ஊழியத்துக்கு எவ்வளவு மானியம் என்று கணக்கு எடுத்து வைத்திருந்தார். பிற்காலத்தில் வரலாற்று ஆய்வாளர் தரம்பால் தோண்டி எடுத்துப் பேசியது இந்தக் கணக்கைத்தான். 1794-இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் பெயரை மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். வடக்குப் பக்கத்துக்கு அப்படிச் சொல்ல ஒரு துரைக்கதையும் இல்லை. ராமர் வந்து காக்கும்படியான ஏரி எங்களிடம் இல்லை. இருந்தது உப்பு ஏரி, உப்பளம், சவுக்கு, மணல்.

ஆனால் வடக்கில் இருந்ததுபோல் குழப்பமான எல்லை தெற்கில் கிடையாது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை. அந்த ஊர் ஆங்கிலேயர் கைக்கு முழுசாக வந்தது 1825-இல்தான். மேற்கே காளஹஸ்தி, கார்வேட்டிநகரம், வேங்கடகிரி ஜமீன்கள். ஏரிக்கு வடக்கே நெல்லூர். இந்த முனையில் வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி பேசியவர்கள் ஏராளம். எங்கள் குப்பத்திலேயே அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அதனால் நாங்கள் தெலுங்கர் ஆகிவிடவில்லை. தடாவுக்கு அந்தப் பக்கம் தமிழில் சண்டை போடுகிற தெலுங்குக் குடும்பங்களும் உண்டு.

இந்த முனையைச் சென்னையோடு கட்டிவைத்தது சாலையைவிடத் தண்ணீர்தான். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே ஒரு கால்வாய் வந்தது, கொக்ரேன் கால்வாய் என்று பெயர். பிறகு அது பழவேற்காடு, அதற்கும் மேலே ஆந்திரக் கரை என்று நீண்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே பஞ்ச வேலையாக வெட்டித் தெற்கேயும் இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பெயரில் எல்லாமே பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகும், ஏரியில் வாரிய கிளிஞ்சலும், உப்பும் படகில் வந்து பேசின் பிரிட்ஜில் இறங்கின. என் அத்தையைத் தடா பக்கத்துக் குப்பம் ஒன்றில் கொடுத்ததும் இந்தக் கால்வாய் வழி உறவில்தான். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் விறகுப் படகில் திரும்பி வந்தார்கள் என்று ஆயா சொல்லும்.

இனி 1911. எல்லைச் சண்டையில் அதிகம் பேசப்படாத வருஷம், என் கணக்கில் முக்கியமான வருஷம். அந்த ஏப்ரல் 1 அன்று வட ஆற்காட்டை உடைத்துச் சித்தூர் என்ற புது ஜில்லாவை உண்டாக்கினார்கள். திருத்தணி அதற்குள் போயிற்று. அப்போது இது வெறும் நிர்வாக வசதி. சென்னை ராஜதானி ஒன்றாக இருந்த வரையில் எந்தத் தாலுக்கா எந்த ஜில்லாவில் இருந்தால் யாருக்கு என்ன? தீர்வை கட்டுகிற கச்சேரி கொஞ்சம் மாறும். ஆனால் பிறகு மொழிவாரி மாநிலம் என்று கேட்டபோது, பிரிக்க எடுத்த கத்தி ஜில்லா எல்லையின் மேலேயே ஓடியது.

பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19-இல் மயிலாப்பூரில் உண்ணாவிரதம் தொடங்கி டிசம்பர் 15 இரவு உயிர்விட்டார். நான்கே நாளில் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். ‘மதராஸ் மனதே’ (சென்னை நமதே) என்று ஆந்திரர் ஒரு பக்கம். ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்று ம.பொ.சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் மறுபக்கம். கூவத்தை எல்லையாக வைத்து நகரத்தைப் பிரிக்கலாம் என்ற பேச்சும் அடிபட்டது. இதைச் சென்னைக்காரர்கள் இன்று சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். கூவத்துக்கு வடக்கே இருந்த எங்களுக்கு அது சிரிப்பில்லை. ராயபுரமும் தண்டையார்பேட்டையும் அந்தக் கோட்டுக்கு வடக்கே. ஒற்றியூரும் எண்ணூரும் அவற்றுக்கும் வடக்கே. முதலமைச்சர் ராஜாஜி மசியவில்லை, மேயர் செங்கல்வராயன் தலைமையில் மாநகராட்சியும் எதிர்த்து நின்றது. 1953 மார்ச்சில் ஆந்திரத் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்தான் இருக்கும் என்று நேரு சொன்ன பிறகே பேச்சு அடங்கியது. அக்டோபர் 1-இல் கர்நூல் தலைநகரமாக ஆந்திரம் பிறந்தது. சித்தூர் ஜில்லா அப்படியே அதோடு போனது, திருத்தணியையும் இழுத்துக்கொண்டு.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரின் கதையைப் பாருங்கள். அவர் 1888-இல் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காட்டில். 1911-இல் சித்தூரில். 1953-இல் ஆந்திரத்தில், அவர் துணைக் குடியரசுத் தலைவர். 1960-இல் செங்கல்பட்டு ஜில்லாவில், அப்போதும் அவர் துணைக் குடியரசுத் தலைவர்தான். முருகன் மலையை விட்டு ஒரு படி இறங்கவில்லை.

ம.பொ.சி.யும் திருத்தணிப் பகுதியில் ஆசிரியராக இருந்த மங்கலங்கிழாரும் கேட்டது திருத்தணியை மட்டும் அல்ல. திருப்பதி, காளஹஸ்தி, சித்தூர், புத்தூர் எல்லாவற்றையும் கேட்டார்கள். மறியல், தடியடி, சிறை எல்லாம் நடந்தன. பேச்சுவார்த்தைக்கு நடுவராக ஹரி விநாயக் படாஸ்கரை இரு மாநிலங்களும் ஏற்றன. 1957-இல் அவர் கொடுத்த முடிவுக்கு அடிப்படை மூன்று: கிராமத்தை அலகாகக் கொள்வது, குடிக்கணக்கில் எந்த மொழி அதிகம் என்று பார்ப்பது, நிலம் விட்டுப்போகாமல் தொடர்ச்சியாக இருப்பது. இன்றும் பெல்காம் சண்டையில் மராட்டியர் ‘படாஸ்கர் முறை’ என்று சொல்வது இதைத்தான். நியாயமான முறை என்றே நானும் சொல்வேன். தாலுக்காவை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதைவிட ஊர் ஊராகக் கேட்பது மேல்.

1959-இல் சட்டமாகி, 1960 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தாலுக்காவின் பெரும்பகுதியும் சித்தூர், புத்தூர் தாலுக்காக்களில் சில ஊர்களுமாக முந்நூற்றுக்கும் மேற்பட்டவை சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காக்களின் வடக்குப் பகுதிகளும் சேலம் பக்கம் சில ஊர்களுமாகச் சுமார் நூற்றைம்பது ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. சத்தியவேடு சித்தூரில் சேர்ந்தது, தடா நெல்லூரில் சேர்ந்தது. அத்தையின் குப்பமும் போயிற்று. “நான் ஊட்டையும் மாத்தல, குப்பத்தையும் மாத்தல. ஜில்லாதான் என்னை உட்டுட்டு ஓடிச்சி” என்று அது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும். திட்டும்போது மட்டும் தெலுங்கில் திட்டும்.

படாஸ்கர் முறை தோற்றது தண்ணீரில்தான். கிராமத்தில் தலையை எண்ணலாம். ஏரியில் யாரை எண்ணுவது? 1953-இலேயே பழவேற்காடு ஏரிக்குள் மாநிலக் கோடு விழுந்துவிட்டது. 1960-இல் அது தெற்கே நகர்ந்தது. இன்று ஏரியின் மிகப் பெரும்பகுதி ஆந்திரத்தில். கடலோடு சேர்க்கிற தெற்கு முகத்துவாரம் தமிழ்நாட்டில். இறாலும் மடவையும் முகத்துவாரம் வழியாக உள்ளே போய் வளர்கின்றன. வளர்கிற இடம் ஒரு மாநிலம், நுழைகிற வாசல் வேறு மாநிலம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மீனவர்களிடம் ‘பாடு’ என்ற முறை உண்டு. எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி ஊரே தீர்மானிக்கும். அரசு போட்ட கோட்டைவிட நுணுக்கமான எல்லை அது. ஆனால் அதற்குப் பட்டா கிடையாது. அதனால் கோடு வந்தபோது அதை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. எல்லையில் வலை அறுப்பதும் படகு பிடிப்பதும் இன்றுவரை அவ்வப்போது நடக்கிறது. இரு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசுகிறார்கள், அடுத்த மீன் பருவத்தில் மறுபடியும் பேசுகிறார்கள்.

இதற்கு மேல் ராக்கெட் வந்தது. 1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் போனது. தீவில் இருந்த குடும்பங்களில் பல பழவேற்காட்டுப் பக்கம் வந்து குடியேறின. ஏவுகிற நாளில் அந்தக் கடலில் வலை போடக்கூடாது. விறகுப் படகு நின்று போயிற்று. 1960-களிலும் 70-களிலும் அடித்த புயல்கள் கால்வாயின் மிச்சத்தையும் தூர்த்தன. படகு போனபிறகு உறவும் குறைந்தது. அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தெலுங்கு, எங்களுக்குத் தமிழ். அவர்கள் எழுதும் கல்யாணப் பத்திரிகையை எங்களில் ஒருவர் மட்டுமே படித்துச் சொல்ல முடிந்தது.

ஜில்லாவும் நிலைக்கவில்லை. கடைசியில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்ற பெயரோடு இருந்து, 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று உடைந்தது. எங்கள் கத்திவாக்கம் நகராட்சியும் பக்கத்துத் திருவொற்றியூர் நகராட்சியும் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் போயின. 2018-இல் மாவட்டமும் சென்னையே ஆயிற்று. 1953-இல் ஆந்திரத்துக்குப் போய்விடுமோ என்று பயந்த வடக்கு, அறுபத்தைந்து வருஷம் கழித்துத்தான் வருவாய்க் கணக்கில் சென்னை ஆனது. 2019-இல் செங்கல்பட்டு என்ற பெயரில் மாவட்டம் திரும்பவும் வந்தது. ஆனால் அது தெற்குத் துண்டு. ஜாகீரின் வடக்குக்கு அதில் இடமில்லை. முகத்துவாரக்குப்பத்து இளைஞர்களிடம் செங்கல்பட்டு என்றால் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் என்பார்கள்.

நவம்பர் 1 வந்தால் எல்லைப் போராட்டத்தில் சிறை சென்றவர்களுக்கு மரியாதை செய்கிறார்கள். செய்யட்டும். அவர்கள் இல்லையென்றால் திருத்தணி இல்லை. அந்த மேடையில் தடா, சத்தியவேடு என்று இரண்டு பெயரையும் சேர்த்துப் படித்தால் எந்தத் தியாகமும் குறைந்துபோகாது. எதைப் பெற்றோம் என்று சொல்லுகிறவர்கள் எதைக் கொடுத்தோம் என்றும் சொல்ல வேண்டும். எந்தப் பத்திரத்திலும் கிரயத்தொகை எழுதாமல் சொத்து மாறுவதில்லை.

ஆந்திர அரசு 2022 ஏப்ரல் 4-இல் தன் மாவட்டங்களைத் திருத்தி அமைத்தது. தடா, சத்தியவேடு இரண்டும் இப்போது ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. ம.பொ.சி. கடைசிவரை கேட்டுக் கிடைக்காத திருப்பதியின் பெயரைத்தான் அந்த மாவட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.