பூவனூர் ராஜகுமாரியும் நம்ம விஜயலட்சுமியும்

நீடாமங்கலம் பக்கத்துல பூவனூர்னு ஒரு ஊர். அப்பர் பாடின தலம். சாமி பேரே சதுரங்க வல்லபநாதர். டெல்டாக்காரங்க பலருக்கு இந்தக் கோயில் விஷக்கடிக்காகத்தான் தெரியும். அங்க இருக்கிற சாமுண்டீஸ்வரியை வேண்டிக்கிட்டா விஷம் இறங்கும்னு நம்பிக்கை. தாராளமா கும்பிடுங்க. ஆனா பாம்பு கடிச்சா முதல்ல ஜிஎச், அப்புறம் கோயில். சரி, இந்த த்ரெட் அதைப் பத்தி இல்ல.

தலபுராணம் இதுதான். ராஜராஜேஸ்வரின்னு ஒரு ராஜகுமாரி. சதுரங்கத்துல அவளை யாராலயும் ஜெயிக்க முடியல. ஜெயிக்கிறவனுக்கே பொண்ணுன்னு அப்பா சொல்லிட்டார். ஊர் ஊராப் போயும் ஆள் கிடைக்கல. கடைசியில சிவபெருமானே வேஷம் மாத்திக்கிட்டு பூவனூர்ல வந்து ஆடி, ஜெயிச்சு, கல்யாணம் பண்ணிக்கிறார்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பொண்ணு காய் நகர்த்தினாளா? புராணம் அதைச் சொல்லல. கடவுளே இறங்கி வந்தாதான் தோற்பாங்கிற அளவுக்கு ஆடினவ. ஆனா அவ தோத்த ஒரு ஆட்டத்துக்குத்தான் கோயில்.

இப்ப நிஜக் கதைக்கு வருவோம். சுப்பராமன் விஜயலட்சுமி. 1979-ல மெட்ராஸ்ல பிறந்தவங்க. 1986-ல, ஏழு வயசுல, டால் ஓப்பன் போட்டியில ஆட ஆரம்பிச்சாங்க. டால்னா முன்னாள் உலக சாம்பியன் மிகைல் டால். அவர் பேர்ல சோவியத் கலாச்சார மையத்துல மேனுவல் ஆரோன் நடத்தின கிளப்லதான் ஆனந்தும் வளர்ந்தார். நம்ம ஊர் செஸ்ஸுக்கு அந்தக் கட்டடம் பிரசவ வார்டு மாதிரி.

1988, 1989 ரெண்டு வருஷமும் பத்து வயசுக்குட்பட்ட பெண்கள் தேசிய சாம்பியன். 1995-ல பெரியவங்க பிரிவுலயே தேசிய பட்டம், பதினாறு வயசுல. அங்கிருந்து 2002 வரைக்கும் பெரும்பாலான வருஷம் கோப்பை அவங்க வீட்டுக்குத்தான். தங்கை மீனாட்சியும் பெண் கிராண்ட்மாஸ்டர், இன்னொரு தங்கை பானுப்ரியாவும் செஸ் ஆடினவங்க. அந்த வீட்ல சாப்பாட்டு நேரத்துல என்ன பேசியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க!

இந்தியாவோட முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் இவங்கதான். இங்க ஒரு குழப்பம் வரும். ‘பெண் கிராண்ட்மாஸ்டர்’ வேற, ‘கிராண்ட்மாஸ்டர்’ வேற. முன்னதுக்கு 2300 ரேட்டிங், பின்னதுக்கு 2500. ரெண்டுக்கும் ரேட்டிங் போக நார்ம்களும் வேணும். விஜயலட்சுமி அதோட நிக்காம, ஆண்களுக்கும் பொதுவான இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தையும் எடுத்த முதல் இந்தியப் பெண். கிராண்ட்மாஸ்டர் பட்டம் மட்டும் கிடைக்கல. அதை 2002-ல ஹம்பி, 2011-ல ஹரிகா, 2023-ல நம்ம வைஷாலி வாங்கினாங்க. இந்த மூணு பேரும் எல்லாருக்கும் தெரியும். விஜயலட்சுமி பேரைச் சொன்னா ‘யாரு?’ங்கிறாங்க. அதான் எனக்கு வருத்தம்.

2000 இஸ்தான்புல் ஒலிம்பியாட், 2002 பிளெட் ஒலிம்பியாட். ரெண்டுலயும் இந்தியாவுக்கு முதல் போர்டு விஜயலட்சுமி. முதல் போர்டுன்னா எதிர்ல உட்கார்றது ஒவ்வொரு நாட்டோட பெஸ்ட் ஆளு. ரெண்டு முறையும் தனிநபர் வெள்ளி! அணிக்கு அப்போ பதக்கம் இல்ல. அணி முதல் பதக்கத்தைப் பார்க்க இன்னும் இருபது வருஷம் ஆச்சு: 2022, மாமல்லபுரம், வெண்கலம்.

அந்த அணியில ஹரிகா ஒன்பது மாச கர்ப்பிணியா ஆடினாங்க. செஸ்தானே, உட்கார்ந்துதானே ஆடறாங்கன்னு நினைக்காதீங்க. ஒரு ஆட்டம் நாலஞ்சு மணி நேரம் போகும். ஒன்பதாம் மாசத்துல அரை மணி நேரம் ஒரே நாற்காலியில உட்கார்றதே எவ்வளவு கஷ்டம்னு உங்க வீட்டுப் பெண்களைக் கேளுங்க. கால் வீங்கும், இடுப்பு வலிக்கும், அடிக்கடி பாத்ரூம் போகணும். அதுக்கு நடுவுல கடிகாரம் வேற ஓடும்.

அதே ஆகஸ்ட் மாசம் குழந்தை பிறந்தது. 2024-ல புடாபெஸ்ட்ல இந்தியப் பெண்கள் அணி தங்கம் ஜெயிச்சப்போ, ரெண்டாவது போர்டுல வைஷாலி. ஒரு காலத்துல விஜயலட்சுமி உட்கார்ந்த அந்த முதல் போர்டுல, ஹரிகா.