வெட்டித் திறந்த கைத்துப்பாக்கிகள்

கருவியின் பெருமை அது செய்யும் தொழிலில் இருக்கிறது என்பர். ஆனால், தன் தொழிலைச் செய்ய இயலாதபடி அறுக்கப்பட்ட பின்னரே பெருமை பெறும் கருவி ஒன்று உண்டு. படைப் பயிற்சிப் பள்ளிகளில் பாடம் சொல்வதற்கென்று பக்கங்கள் வெட்டித் திறக்கப்பட்ட கைத்துப்பாக்கியே அது. இத்தகையவற்றைத் தேடிச் சேர்ப்போர் மேல்நாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், பலர் உளர். அவர்கள் கைக்கு இவை வந்து சேர்ந்த கதை போரும் வாணிபமும் சட்டமும் கலந்ததாகும்.

முதலில், இவை ஏன் தோன்றின என்று காண்போம். பழைய சுழல் துப்பாக்கியின் இயக்கத்தை வெளியிலிருந்தே ஒருவாறு அறியலாம். பின்னர் வந்த, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியின் இயக்கமோ உள்ளே மறைந்திருந்தது. ஜான் பிரௌனிங் வகுத்து, அமெரிக்கப் படை 1911-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். குண்டு வெடித்ததும் குழலும் அதனை மூடிய மேலுறையும் ஒன்றாய்ப் பூட்டியபடியே சற்றுப் பின்செல்லும். சிறு இணைப்புத் துண்டு ஒன்று குழலின் பின்முனையைக் கீழே இழுக்க, பூட்டு விடுபடும். மேலுறை மட்டும் மேலும் பின்சென்று, வெற்றுத் தோட்டாவை வெளியே எறியும். பிறகு சுருள்வில் அதனை முன்தள்ள, அடுத்த தோட்டா குழலில் ஏறும். கண்ணிமைப்பதற்குள் முடியும் இச்செயலை வாய்ச்சொல்லால் எவ்வாறு விளக்குவது? உறையிலும் குழலிலும் கைப்பிடியிலும் சாளரம் திறந்தாற்போல் வெட்டிவிட்டால், மாணவன் அதனை மெல்லக் கையால் இழுத்தே யாவற்றையும் கண்டுகொள்வான். வெட்டிய ஓரங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டுவதும் உண்டு.

இனி வாணிபத்துக்கு வருவோம். 1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஐரோப்பிய ஆயுதக் கிடங்குகளில் பழைய துப்பாக்கிகள் மலையெனக் குவிந்தன. புதியவை வரவே, பழையவை வேண்டாச் சரக்காயின. சாமுவேல் கம்மிங்ஸ் என்பவர் 1953-இல் இன்டர்ஆர்ம்கோ நிறுவனத்தைத் தொடங்கி அவற்றை மலிவாக வாங்கினார். அமெரிக்காவில் அலெக்ஸாண்டிரியா நகரின் ஆற்றங்கரைக் கிடங்குகளில் நிரப்பி விற்றார். அந்நாளில் அஞ்சலில் பணம் அனுப்பியே துப்பாக்கி வாங்கலாம்.

இவ்விறக்குமதியைத் தடுக்க 1958-இல் மசோதா கொணர்ந்தவர் செனட்டர் ஜான் கென்னடி. அவர் எண்ணம் அன்று ஈடேறவில்லை. குடியரசுத் தலைவரான அவரே 1963 நவம்பர் 22-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக் கருவி, அஞ்சல்வழி வாங்கிய பழைய இத்தாலியப் படைத் துப்பாக்கி! விதியின் கொடுமையை என்னென்பது!

1968-இல் இயற்றப்பட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய படைத் துப்பாக்கிகளின் இறக்குமதியைப் பெரும்பாலும் நிறுத்தியது. எனினும் பெருங்கதவை அடைத்த சட்டம் ஒரு சிறு திட்டிவாசலைத் திறந்தே வைத்தது: மீண்டும் எளிதில் சுட இயலாதவை அரும்பொருளாகவோ காட்சிப் பொருளாகவோ உரிய அனுமதியுடன் வரலாம். 1984-ஆம் ஆண்டுத் திருத்தம், பழம்பொருள் என ஏற்கப்பட்ட படைத் துப்பாக்கிகளுக்கு வரம்புடன் வழிவிட்டது. எனினும், அமெரிக்கச் சட்டத்தில் துப்பாக்கியின் உடற்சட்டமே துப்பாக்கி எனப்படும். ஆகவே, குழல் வெட்டுண்டாலும், உடற்சட்டம் விதிப்படி அழிக்கப்படாதவரை சட்டத்தின் கண்ணுக்கு அது துப்பாக்கியே. நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் துப்பாக்கியின் பாகங்களைத் துப்பாக்கி என்பதில் அடக்குகிறது. விளையாட்டுப் பொருளென எண்ணி எவரும் வாங்கிவிடலாகாது.

விலை ஏறவே வஞ்சகமும் வந்தது. பழுதற்ற பழந்துப்பாக்கியை இன்று அறுத்து, பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்ததென்று விற்போர் உளர். இதனால் இரு நட்டம் விளைகிறது: நல்லதொரு பழம்பொருள் அழிகிறது, பொய்யான வரலாறு ஒன்று பிறக்கிறது. மெய்யான ஆசிரியத் துப்பாக்கியும் இப்போலியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். வேறுபடுத்துவது எது? எந்தப் படையுடையது, எந்தப் பள்ளியில் இருந்தது, எவ்வழியே கடல் கடந்தது என்னும் சான்றே. படையின் முத்திரையும், இறக்குமதி செய்தவர் பொறித்த பெயரும், உடன்வந்த தாள்களும் அச்சான்றைத் தாங்கி நிற்கின்றன. இறக்குமதிப் பெயர்ப் பொறிப்பை அழகைக் கெடுக்கும் வடுவென வெறுப்பாரும் உண்டு. நமக்கோ அது பொருளின் பயணத்தைக் கூறும் ஏடாகவே தோன்றுகிறது.

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். பாட்டியார் தந்த பித்தளைக் குடமாயினும், தாத்தா எழுதிய கணக்கேடாயினும், அதன் வரலாற்றை அறிந்தவர் மறைந்தால் பொருள் மட்டும் எஞ்சும். பொருளின் பொருள் மறைந்துவிடும். பொருளோடு அதன் வரலாற்றையும் எழுதிவைப்போமாக! நம் மக்கள் அதனைப் படித்து அறிவார்களாக!