கம்பி வழி வந்த மைதானம்

நடு அந்தமானை ஒட்டிக் கிடக்கும் லாங் ஐலண்டுக்கு இன்றும் படகில்தான் போகவேண்டும். ஒரு காலத்தில் பிளைவுட் தொழிற்சாலை ஓடிய சின்னத் தீவு. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடியிழை கேபிள் திறந்துவைக்கப்பட்டது. அது கரையேறும் ஊர்களின் பட்டியலில் போர்ட் பிளேர், ரங்கத், ஹேவ்லாக் ஆகியவற்றோடு லாங் ஐலண்டும் இருந்தது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே கப்பலில் மூன்று நாள். அந்தத் தூரத்தைத் தாண்டி சேப்பாக்கத்து ஆட்டம் இப்போது கைபேசிக்கு வந்துவிடுகிறது.

இப்படித் தொலைவில் இருக்கும் ரசிகனுக்கு ஆட்டத்தைக் கொடுக்கலாமா கூடாதா என்று அமெரிக்க பேஸ்பால் முதலாளிகள் ஒரு காலத்தில் மல்லுக்கட்டினார்கள். நம் ஐ.பி.எல். பொருளாதாரத்தின் வேர் அந்தச் சண்டையில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

1921 ஆகஸ்ட் 5. பிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானம். வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி ஊழியரான ஹெரால்டு ஆர்லின், தொலைபேசி ஒன்றை மாற்றியமைத்துச் செய்த மைக்கோடு கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்தார். பைரேட்ஸ் அணி ஃபிலடெல்பியாவை 8-5 என்று வென்ற அந்த ஆட்டம்தான் வானொலியில் நேரடியாக ஒலிபரப்பான முதல் மேஜர் லீக் ஆட்டம். கே.டி.கே.ஏ. நிலையம் வெஸ்டிங்ஹவுஸுக்குச் சொந்தம். ரேடியோப் பெட்டி செய்து விற்றதும் அதே கம்பெனி. பெட்டி விற்க வேண்டுமானால் அதில் கேட்க ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

எல்லா ஊருக்கும் அறிவிப்பாளரை அனுப்புவது செலவு. அதனால் ஒரு விசித்திரமான கலை பிறந்தது. மைதானத்திலிருந்து தந்தி வரும். ஸ்டூடியோவில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் தந்தி ஊழியர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். அதில் 'எஸ்-1-சி' என்று இருந்தால், முதல் ஸ்ட்ரைக், மட்டையாளர் அடிக்காமல் விட்டார் என்று பொருள். அறிவிப்பாளர் அதை வைத்துக்கொண்டு பந்து வளைந்ததையும் மட்டையாளர் முறைத்ததையும் தானே கற்பனை செய்து சொல்வார். மட்டைச் சத்தத்துக்கு மரத்துண்டைத் தட்டுவார்கள். கூட்டத்தின் ஆரவாரத்துக்கு இசைத்தட்டு. அயோவா மாநிலத்தில் சிகாகோ கப்ஸ் ஆட்டங்களை இப்படிச் சொல்லிப் பெயர் வாங்கிய இளைஞர்களில் ஒருவர் ரொனால்ட் ரேகன். ஒருநாள் நடு ஆட்டத்தில் தந்தி செத்துவிட்டது. கம்பிக்கு உயிர் வரும்வரை மட்டையாளர் ஃபவுல், ஃபவுல் என்று பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே தட்டிக்கொண்டே இருப்பதாகச் சமாளித்ததை, ஜனாதிபதியான பிறகும் அவர் ஆசையாகச் சொல்வார்.

முதலாளிகளுக்கோ வயிற்றில் புளி கரைத்தது. வீட்டில் இலவசமாகக் கேட்பவன் டிக்கெட் வாங்குவானா? நியூயார்க்கின் மூன்று அணிகளும் கைகோத்து, 1938 வரை ஐந்தாண்டு காலம் வானொலியை உள்ளேயே விடவில்லை. அந்தக் கட்டை உடைத்தவர் புரூக்ளின் டாட்ஜர்ஸை நடத்திய லாரி மெக்ஃபெயில். 1939-ல் ரெட் பார்பர் என்ற அறிவிப்பாளரைக் கூட்டிவந்தார். பார்பரின் தென்மாநிலப் பேச்சு புரூக்ளின் வீடுகளுக்குள் தினமும் நுழைந்தது. டிக்கெட் விற்பனை சரியவில்லை. 1941-ல் அந்த அணியின் ஆட்டங்களைப் பார்க்க வந்தவர்கள் 12 லட்சத்தைத் தாண்டினார்கள். அணி நன்றாக ஆடியதும் காரணம்தான். ஆனால், ஒரு சீசனுக்கு 154 ஆட்டங்களையும் சொந்த வீட்டுச் செய்தி போலக் கேட்டவர்கள், ஒருநாள் மைதானத்தை நேரில் பார்க்கத் துடித்திருப்பார்கள் என்பதை ஒரு ரசிகனாக நான் நன்றாகவே அறிவேன்.

முதலாளிகள் பயந்த அந்தத் தூரத்து ரசிகன்தான் இன்று கஜானா. 2022-ல் ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை ஐந்து ஆண்டுகளுக்கு 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. இதில் இந்தியத் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி. இந்திய டிஜிட்டல் உரிமை 23,758 கோடி. கைபேசி டிவியை முந்திவிட்டது.

பேஸ்பாலும் நம் பக்கம் வந்து பார்த்தது. 2008-ல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற விளையாட்டு முகவர் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியை இந்தியாவில் நடத்தினார். லக்னோவில் ஈட்டி எறிந்து பழகிய ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் தேர்வாகி, அந்த ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். வானொலியில் முதலில் ஒலித்த அதே அணி! அதற்குமுன் பேஸ்பாலைக் கையால் தொட்டிராத இருவரும் 2009 ஜூலையில் அதன் கீழ்நிலை லீகில் பந்தெறிந்தார்கள். படேல் 2010-ல் ஊர் திரும்பினார். ரிங்கு பல ஆண்டுகள் போராடியும் மேஜர் லீகை எட்டவில்லை. பிறகு மல்யுத்தக் காட்சிக்குப் போனார்.

அவர்கள் உழைப்பில் குறையில்லை. வீரர்கள் இருவரைக் கொண்டுபோனால் நூறு கோடி ரசிகர்கள் தானாகப் பின்னால் வருவார்கள் என்று போட்ட கணக்குதான் தப்பு. புரூக்ளினில் ரசிகனை உருவாக்கியது தினசரிக் குரல். அந்தக் குரல் இங்கே யாருக்கும் வாய்க்கவில்லை.

அத்தனை பாசம் வைத்த புரூக்ளினை டாட்ஜர்ஸ் 1957-ல் விட்டுவிட்டுப் போனது. ஊரே அழுத அந்தக் கதையும், 2018-ல் சென்னை அணியின் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது ரயிலேறிப் போன மஞ்சள் சட்டைக்காரர்களும் அடுத்த வாரம்.