வண்டியோடு கடல் தாண்டிய குடும்பங்கள்: பினாங்கு ஃபெர்ரி பிறந்த கதை

கெடாவின் லூனாஸிலிருந்து இன்று காரில் கிளம்பினால், பட்டர்வொர்த் கூலிம் நெடுஞ்சாலையைப் பிடித்து, பினாங்குப் பாலத்தில் ஏறி இறங்கி, பிள்ளைகள் தூங்கி எழுவதற்குள் ஜார்ஜ்டவுன் போய்ச் சேர்ந்துவிடலாம். கீழே கடல் இருப்பதைக்கூடப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் பாலம் வந்தது 1985-இல். அதற்கு 60 ஆண்டுகள் முன்பே, வண்டியை விட்டு இறங்காமல் கடலைத் தாண்ட ஒரு வழி பிறந்திருந்தது. தாத்தா, பாட்டி, சோற்றுச் சட்டி, பாய் என்று வீட்டையே ஏற்றிக்கொண்டு கெடாவின் தோட்டத்துக் குடும்பங்கள் ஒரு பழைய நகரத்தைப் பார்க்கப் போனது அந்த வழியில்தான். அதுதான் பினாங்கு ஃபெர்ரி.

கதை கெடாவில் தொடங்குகிறது. பினாங்குத் தீவு அன்று கெடா சுல்தானுடையது. சயாமின் அச்சுறுத்தலுக்கு எதிராகப் பாதுகாப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் தீவை ஆங்கிலேயருக்கு விடக் கெடா இசைந்தது. 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆங்கிலேயக் கொடியை ஏற்றினார். எதிர்பார்த்த பாதுகாப்பு வரவில்லை. 1791-இல் தீவைத் திரும்பப் பிடிக்கக் கெடா எடுத்த முயற்சியும் தோற்றது. 1800-இல் எதிர்க்கரையின் ஒரு பகுதியும் கம்பெனி கைக்குப் போனது. இன்று நாம் செபராங் பிறை என்று சொல்வது அந்தக் கரையைத்தான். ஒரே ஆட்சியின் கீழ் வந்த இரண்டு கரைகள். நடுவே சுமார் மூன்று கிலோமீட்டர் கடல். தீவில் நகரம் வளர வளர, அரிசியும் காய்கறியும் ஆட்களும் அந்த நீரைத் தாண்டியே ஆக வேண்டியிருந்தது.

நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைச் சம்பான், தொங்காங் என்ற படகுகள் செய்தன. துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கிய படகுத் தொழிலில் தமிழ் முஸ்லிம்களின் கை ஓங்கியிருந்தது. சூலியா தெருவும் நாகூர் தர்காவும் அவர்கள் அங்கே வேரூன்றியதற்கு இன்றும் சாட்சி. காற்று எதிராக வீசினாலும், நீரோட்டம் இழுத்தாலும், மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் பயணம் தள்ளிப்போகும். அவசரக்காரனுக்கு அந்தக் கடல் ஆகாது.

1894-இல் இதற்கு ஒரு முடிவு வந்தது. குவா பெங் கீ என்ற பினாங்குச் சீன வணிகர், நேரம் தவறாமல் இரு கரைக்கும் போய்வரும் நீராவிப் படகுச் சேவையைத் தொடங்கினார். கவர்னர் உத்தரவு போட்டுப் பிறந்த சேவை இல்லை இது. உள்ளூர் வியாபாரி ஒருவர், மக்கள் தினமும் படும் பாட்டைப் பார்த்து, காசைப் போட்டு உண்டாக்கியது. அன்றிலிருந்து கடலைத் தாண்டுவது அன்றாடக் காரியம் ஆனது. பின்னாளில் ரயில் பாதையும் எதிர்க்கரை வரை வந்தது. ஜார்ஜ்டவுனில் 1907-இல் கட்டிய ரயில்வே கட்டடம், மணிக்கூண்டோடு இன்றும் நிற்கிறது. அந்தக் கட்டடத்துக்குத் தண்டவாளமே கிடையாது. பயணிகள் அங்கே டிக்கெட் வாங்கி, படகேறி அக்கரைக்குப் போய், அங்கே ரயில் பிடித்தார்கள். ஃபெர்ரியை நம்பி ஒரு ரயில் நிலையமே கட்டினார்கள் என்றால், அந்தச் சேவை எவ்வளவு நிலைபெற்றிருக்க வேண்டும்!

இந்த இடத்தில்தான் நம் முன்னோர் கதைக்குள் வருகிறார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் மலாயாவுக்குள் வந்தது பினாங்கு வழியாக. முதலில் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம். பிறகு தீவிலிருந்து எதிர்க்கரை. அங்கிருந்து கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி என்று ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். கப்பலில் இருந்து இறங்கிய கையோடு அந்த நகரத்தைக் கடந்துபோனவர்கள் அவர்கள். அதைச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. உதவிப் பயணத்தில் தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தும்வரை இப்படியே வந்துகொண்டிருந்தார்கள்.

வந்தவர்கள் வெட்டிய ரப்பர்ப் பால் எங்கே போனது? பெரும்பாலும் டயருக்கு. அமெரிக்காவில் ஃபோர்டு கார்கள் லட்சக்கணக்கில் உருண்டு வந்த காலம் அது. ரப்பர் விலையைத் தூக்கி நிறுத்த ஆங்கிலேயர் 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள்; 1925-இல் விலை கிடுகிடுவென ஏறியது. ரப்பர்ப் பணம் மலாயாவின் சாலைகளையும் நிரப்பியது. தோட்டத் துரைமார், தவுக்கேமார், டாக்டர்மார் எல்லோர் வாசலிலும் மோட்டார் நின்றது. அந்த மோட்டார்கள் கடற்கரைக்கு வந்ததும் நின்றுபோயின. ஆளைத் தாண்ட வைக்கப் படகு இருந்தது. வண்டியைத் தாண்ட வைக்க ஒன்றும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க 1925-இல் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் நீராவி ஃபெர்ரிகள் ஓடத் தொடங்கின. சேவை அப்போது பினாங்குத் துறைமுக வாரியத்தின் கைக்கு வந்திருந்தது. அந்த ஃபெர்ரிகளில் ஒன்றின் பெயர் ‘செபராங்’. இன்னொன்றின் பெயர் ‘கூலிம்’. லூனாஸ் இருக்கிற எங்கள் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய கலம் அது. கூலிம் மண்ணில் வெட்டிய பால், டயராகி, மோட்டாராகி, ‘கூலிம்’ என்ற ஃபெர்ரியின் மேல் ஏறிக் கடலைத் தாண்டியது. பால் வெட்டியவன் அந்த மோட்டாரில் உட்கார இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

போர் ஃபெர்ரிகளையும் விட்டுவைக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ஜார்ஜ்டவுன் மேல் விழுந்தன; துறைமுகம் குலைந்தது. போருக்குப் பிறகு சேவை எழுந்தது. 1957 ஜனவரி 1-இல் ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றது. மலாயாவில் அந்தத் தகுதி பெற்ற முதல் ஊர் அதுதான். சுதந்திரத்துக்குப் பின் இரு கரைகளிலும் புதிய படகுத்துறைகள் எழுந்தன. தீவுப் பக்கம் பினாங்கின் முதல் கவர்னர் ராஜா துன் ஊடா பெயர். பட்டர்வொர்த் பக்கம் கெடா சுல்தான் அப்துல் ஹாலிம் பெயர். ஒரு காலத்தில் கெடாவிடமிருந்து போன கரையில் மறுபடியும் ஒரு கெடா சுல்தானின் பெயர்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும்தான் ஃபெர்ரி நம் வீட்டுப் பொருளாக ஆனது. சம்பளத்தோடு சீட்டுப் பணமும் கைக்கு வந்தது. பிள்ளைகளில் ஒருவர் வாத்தியாரோ கிராணியோ ஆனார். யாரோ ஒருவர் பழைய வேன் வாங்கினார். தைப்பூசத்துக்கும் தீபாவளிச் சாமான் வாங்கவும் நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேனைப் பேசிக்கொள்ளும். ஜெர்மனியில் 1950-இல் ஃபோல்க்ஸ்வேகன் வேன் வந்ததும், அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியாக்கியது. இன்று மலேசியாவிலும் அப்படிப்பட்ட கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துக் குடும்பங்கள் கிளம்புகின்றன. தோட்ட லயத்துக் குடும்பம் அலமாரிக்குக் காத்திருக்கவில்லை. வேனின் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பாயை விரித்தார்கள். புளிச்சோறு ஒரு சட்டியில், கருவாட்டுச் சம்பால் ஒரு டப்பாவில், தண்ணீர் ஒரு கேனில். அந்த ஒரு நாளுக்கு வேன்தான் வீடு.

விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டும் பெரட்டு மணி அடிக்கிற நேரத்தில் புறப்பட்டு, கூலிம், புக்கிட் மெர்தாஜாம் வழியாகப் பட்டர்வொர்த் வந்தால் வரிசை நிற்கும். காசு கட்டுவது தீவுக்குப் போகும்போது மட்டும்தான். திரும்பி வரும்போது கட்டணம் இல்லை. ஃபெர்ரி வந்து முட்டியதும் இரும்புப் பாலம் இறங்கும். வேனின் முன்சக்கரம் அதில் ஏறும்போது ‘தடால்’ என்று ஒரு சத்தம்; பின்சக்கரம் ஏறும்போது இன்னொன்று. உள்ளே நிற்கும் ஆள் கையைக் காட்டிக் காட்டி, முன் வண்டிக்கு ஒரு சாண் இடம் விட்டு நிறுத்தச் சொல்வார். “அண்ணே, இஞ்சின அணைங்க, கை பிரேக் போடுங்க” என்பார். அவ்வளவுதான், பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு கம்பியோரம் ஓடிவிடுவார்கள். பின்னாலிருந்து பாட்டி, “கம்பி மேல ஏறாதடா, கெட்டியா புடிச்சிக்கோ” என்று கத்திக்கொண்டே இருப்பார். ஃபெர்ரிக்கு முன்னும் பின்னும் ஒரே அமைப்பு. திரும்ப வேண்டியதில்லை, ஒரு முனையில் ஏறிய வண்டி அக்கரையில் மறுமுனை வழியாக நேராக இறங்கும். நடுவில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கடல்.

அந்தக் கால் மணி நேரத்தில் நகரம் கண் முன்னால் வளரும். முதலில் மலை, பிறகு மணிக்கூண்டுகள், பிறகு கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் மரவீடுகள். தாத்தாவோ அப்பாயியோ உயிரோடு இருந்தால் கைநீட்டிச் சொல்வார்கள்: “அந்தப் பக்கந்தான் கப்பல் நின்னுச்சு.” பாலத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இதைச் சொல்ல நேரமில்லை. ஃபெர்ரி கட்டாயமாக எல்லோரையும் நிற்க வைத்தது. நின்ற இடத்தில் குடும்பத்தின் கதை வெளியே வந்தது. ஃபெர்ரி நமக்குச் செய்த பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான்.

இறங்கியதும் நகரம் நடந்துபோகும் தூரத்தில். 1833-இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலில் அர்ச்சனை. மார்க்கெட் தெருவில் சேலை, வளையல், மசாலை. பக்கத்திலேயே 1801-இல் காதர் மொய்தீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அந்தப் பள்ளிவாசல் நிற்கும் சாலையில் சீனர்களின் குவான் யின் கோயிலும், அருகிலேயே 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும். தைப்பூசத்துக்கு முதல் நாள் என்றால், பினாங்கு தெருவின் கோவில் வீட்டிலிருந்து நீர்வீழ்ச்சி சாலையில் உள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குக் கிளம்பும் வெள்ளி ரதம். இந்தத் தெருக்களுக்காகத்தான் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அந்தப் பட்டியல் வருவதற்கு முன்பே லூனாஸ் வேன்கள் அந்தத் தெருக்களில் இடம் தேடி அலைந்திருக்கின்றன.

1985 செப்டம்பரில் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் திறந்தது. வண்டிகள் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தன. ஆனாலும் ஃபெர்ரியை மக்கள் கைவிடவில்லை. 1988 ஜூலை 31-ஐ இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மறக்க முடியாது. பினாங்கில் பௌத்தத் திருவிழா, புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா. பட்டர்வொர்த் படகுத்துறையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நடைமேடை இடிந்து விழுந்து 32 பேர் இறந்தார்கள், 1,634 பேர் காயமடைந்தார்கள். ஒரு படகுத்துறையை நம்பி எவ்வளவு மக்கள் இருந்தார்கள் என்பதை அந்தத் துயரம் காட்டியது. 2014 மார்ச்சில் இரண்டாவது பாலமும் வந்தது. 2020 டிசம்பர் 31-ஓடு பழைய ஃபெர்ரிகள் கார்களையும் வேன்களையும் ஏற்றுவது நின்றது. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய ஃபெர்ரிகள் வந்தன. குளிர்சாதனம் உண்டு, வேகம் உண்டு. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம். நான்கு சக்கர வண்டிக்கு இடமில்லை.

1925-இல் தொடங்கிய அந்த வழி ஏறக்குறைய 95 ஆண்டுகள் ஓடி நின்றிருக்கிறது. பாலங்கள் இருக்கும்போது காருக்கு ஃபெர்ரி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கணக்குப் பார்த்தால் பதில் சரிதான். ஆனாலும் தோட்டங்கள் மூடி, லயங்கள் தரைமட்டமாகி, முன்னோர் வந்த வழிக்கு அடையாளம் தேய்ந்துவரும் இந்தக் காலத்தில், அவர்கள் வந்த நீர்வழியில் இன்றும் நாம் போக முடியும் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே லூனாஸ், கூலிம், பாடாங் செராய்க் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த முறை பினாங்கு போகும்போது வேனைப் பட்டர்வொர்த்தில் நிறுத்துங்கள். சோற்றுச் சட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃபெர்ரி ஏறுங்கள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, உங்கள் குடும்பத்தில் முதலில் இந்தக் கடலைத் தாண்டியவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று தெரிந்த மட்டும் சொல்லுங்கள். தெரியாவிட்டால், வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ காப்பாற்றும். அங்கே வந்திறங்கி இங்கே ரப்பர் வெட்டியவர்களின் கதையைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்தான்.